குற்றம் ஃபிலிமிலா, ஸ்கேனிலா?

முகூர்த்தம் முடிந்த கையோடு எடுத்த இரண்டு படங்கள். முதல் படத்தில் அரக்குச் சிவப்புப் பட்டுடுத்திய மணப்பெண் சட்டகம் முழுக்க நிறைந்து நிற்கிறாள். முகம் வெளிறி, சாம்பலும் நீலப்பச்சையும் கலந்து கிடக்கிறது. இரண்டாவது படத்தில் அதே பெண், பந்தல் வாசலில் கட்டிய வாழை மரங்களுக்கு நடுவே. இப்போது முகத்தில் ஊதா கலந்த சிவப்பு ஏறியிருக்கிறது. ஒரே கேமரா, ஒரே ரோல், ஒரே காலை வெயில், இடையில் சில நிமிடம். ஃபிலிமின் வேதியியல் சில நிமிடத்தில் மாறாது. மாறியது, படத்தைப் படித்த ஸ்கேனரின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு வயது எழுபதுக்கு மேல். கோடாக் நிறுவனத்தின் நிற ஆய்வாளர் ரால்ஃப் எவன்ஸ் 1940களில் ஒன்றைக் கவனித்தார். சாதாரணமாக எடுக்கும் படம் ஒன்றில் உள்ள வானம், மண், செடி, துணி, முகம் எல்லாவற்றின் நிறத்தையும் கலந்து சராசரி பார்த்தால், பெரும்பாலும் சாம்பலுக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். ஆகவே சராசரி சாம்பலாகும்வரை நிறத்தைத் திருத்தினால் பிரிண்ட் ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். 1951இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் வந்த பிரிண்ட் இயந்திரங்கள் பலவும், இன்றைய ஸ்கேனர்களின் தானியங்கி நிறத் திருத்தமும், ஏதோ ஒரு வடிவில் இந்த விதியின் வழிவந்தவையே.

விதி தோற்கும் இடம் நம் கல்யாண வீடு. சட்டகத்தில் முக்கால் பங்கு சிவப்புப் பட்டு என்றால், அது சேலையின் நிறம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. வெளிச்சமே சிவப்பாக இருந்தது என்று முடிவுகட்டிச் சிவப்பைக் குறைக்கும். பட்டு கொஞ்சம் மங்கினால் நம் கண்ணுக்குப் பெரிதாகப் படாது. முகம் மாறினால் உடனே படும். தோலின் நிறத்தில் சிறு பிசகையும் நாம் பொறுப்பதில்லை. வாழை இலை நிறைந்த படத்தில் இயந்திரம் பச்சையைக் குறைக்கிறது. பச்சை குறைந்தால் மஜெந்தா ஏறும். பழைய கலர் லேப்களில் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்களுக்கு இது அத்துபடி. நெகட்டிவைப் பார்த்ததும் நிறப் பொத்தான்களில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் இன்று பல இடங்களில் இல்லை. ரோலின் 36 படங்களும் தானியங்கிக் கணக்கில் ஓடி, ஜேபெக் கோப்புகளாக மெயிலில் வந்துவிடுகின்றன.

மறுபடியும் கலர் ஃபிலிமைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்கள் பலர் முதல் சில ரோல்களோடு மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி என்று கணிசமாகச் செலவழித்த பிறகு கோப்பைத் திறந்தால் நிழல் எல்லாம் சேறு, முகம் எல்லாம் பச்சை. பழி ஃபிலிம் மேல் விழுகிறது, இல்லாவிட்டால் தாத்தாவின் கேமரா மேல். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. இதில் என் கருத்து உறுதியானது: ஸ்கேனைப் பார்த்து ஃபிலிமுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்கேன் என்பது நெகட்டிவைப் பற்றி ஓர் இயந்திரம் சொன்ன கருத்து. நெகட்டிவ்தான் ஆதாரம்.

அந்த ஆதாரத்தைப் படிக்க அதன் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். கலர் நெகட்டிவில் ஒளியுணரும் அடுக்குகள் மூன்று தொகுதியாக இருக்கின்றன. மேலே நீல ஒளிக்கு, நடுவே பச்சைக்கு, அடியில் சிவப்புக்கு. வெள்ளி ஹாலைடு படிகங்கள் எல்லாமே இயல்பாக நீலத்தை உணரக்கூடியவை. அதனால் நீல அடுக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டி அடுக்கு இருந்து, மிச்ச நீலம் கீழே இறங்காமல் தடுக்கிறது. கழுவும்போது டெவலப்பர், ஒளிபட்ட படிகங்களை உலோக வெள்ளியாக்குகிறது. அந்த வேலையில் அது தானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அடுக்குக்குள் காத்திருக்கும் கப்ளர் என்ற பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. நீல அடுக்கில் மஞ்சள் சாயம், பச்சை அடுக்கில் மஜெந்தா, சிவப்பு அடுக்கில் சயான். அடுத்து பிளீச்சும் ஃபிக்சரும் வெள்ளியை அகற்றிவிடும். கடைசியில் நம் கையில் இருப்பது சாயம் மட்டுமே. ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர் 1912 வாக்கிலேயே இந்த வழியைக் காட்டிவிட்டார். கப்ளர்கள் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நழுவாமல் பிடித்துவைக்கும் வித்தை கைகூட 1930களின் நடுப்பகுதி ஆனது.

சாயங்களிலும் குறை உண்டு. மஜெந்தா சாயம் பச்சையை மட்டும் விழுங்க வேண்டும். கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்குகிறது. சயான் சாயம் சிவப்போடு கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் விழுங்குகிறது. தொடக்ககாலக் கலர் நெகட்டிவ்களில் நிறங்கள் கலங்கி நின்றதற்கு இது முக்கியக் காரணம். 1940களில் கோடாக்கின் வேதியியலாளர் வெஸ்லி ஹேன்சன் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். மஜெந்தா தரும் கப்ளருக்கே முன்கூட்டி மஞ்சள் நிறம் கொடுத்தார். சாயம் உண்டாகும் இடத்தில் கப்ளரின் மஞ்சள் அழிகிறது. உண்டாகாத இடத்தில் அப்படியே நிற்கிறது. சாயம் தவறாக விழுங்கும் நீலத்தையும் மிஞ்சிய கப்ளர் விழுங்கும் நீலத்தையும் கூட்டினால், படம் முழுவதும் ஒரே அளவு. சீராகப் பரவிவிட்ட குறையை பிரிண்ட் போடும்போது மொத்தமாகக் கழித்துவிடலாம். சயான் கப்ளருக்குச் செந்நிறம் கொடுத்து அதே வேலையைச் செய்தார்கள். இந்த மஞ்சளும் செந்நிறமும் சேர்ந்ததுதான் கலர் நெகட்டிவ் முழுக்கத் தெரியும் ஆரஞ்சு. பிளாஸ்டிக்குக்கு அடித்த சாயம் என்று பலர் நினைப்பது தவறு. புகைப்பட வேதியியலின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன்.

இனி நெகட்டிவை லைட் பாக்ஸில் வையுங்கள். அது இல்லாவிட்டால் செல்போனில் வெள்ளைத் திரை போதும். படங்களை விட்டுவிட்டு முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் படத்தின் எண்களும் அங்கே எழுதியிருக்கும். அவை அச்சு மையால் எழுதியவை அல்ல. தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிந்து, உங்கள் படங்களோடு சேர்ந்து கழுவப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் உங்கள் மீட்டருக்கும் அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கழுவியது சரியா என்று கேட்டால் அவை மட்டும் தனியாகப் பதில் சொல்லும். எழுத்து அடர்த்தியாக, விளிம்பு கூர்மையாக இருந்து, படங்கள் மட்டும் வெளிறிக் கிடந்தால் ஃபிலிமுக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை. எழுத்தே மங்கியிருந்தால் டெவலப்பர் வலு இழந்திருக்கிறது, அல்லது சூடு குறைந்திருக்கிறது, அல்லது நேரம் போதவில்லை.

ரோல் முழுக்கப் படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் தெளிவாக இருந்தால் ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் கோளாறு லேபில். இன்னொரு சாட்சி, கேமராவில் ரோல் போடும்போது வெளிச்சம் பட்ட முன்பகுதி. அது நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். படங்களுக்கு இடையே உள்ள வெற்றுப் பட்டையையும் பாருங்கள். அங்கே சுத்தமான ஆரஞ்சுக்குப் பதில் அழுக்குப் பழுப்பு படிந்திருந்தால் ஃபிலிமில் மூட்டம் ஏறியிருக்கிறது. இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இப்படிப் பார்த்தால், ஏமாற்றம் தரும் ரோல்களில் மிக அதிகமாகத் தென்படும் காரணம் ஒன்றுதான்: ஒளி போதாமை. கொஞ்சம் நின்று இதைப் பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளி ஹாலைடு படிகம் கழுவும்போது படமாக மாற வேண்டுமென்றால், அதன்மேல் குறைந்தது நான்கு வெள்ளி அணுக்கள் அளவுக்கு ஒரு சிறு கொத்து உருவாகியிருக்க வேண்டும். ஓரிரு ஒளித்துகள் மட்டும் வந்தால் கொத்து நிலைக்காமல் கலைந்துபோகும். ஒளி குறையக் குறையப் படமும் அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே அடிப்படை. இங்கிலாந்தில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ டிரிஃபீல்ட் என்ற இருவர் 1890இல் ஒளிக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவை வரைகோடாகப் போட்டுக் காட்டினார்கள். கோடு அடியில் படுத்தபடி தொடங்கி, பிறகு நேராக ஏறி, உச்சியில் மறுபடி வளையும். நேராக ஏறும் பகுதியில் ஒளி இரு மடங்கானால் அடர்த்தி ஒழுங்காக ஒரு படி கூடும். அடிப்பகுதியில் அந்த ஒழுங்கு இல்லை. அங்கே வந்து விழும் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விவரம் இழக்கின்றன.

கலர் ஃபிலிமில் இப்படி மூன்று கோடுகள். மேலே அவை இணையாக ஓடும். அடிமட்டத்தில் ஒன்று முன்னால் படுத்துவிடும், ஒன்று பின்னால். அதனால் ஒளி போதாத நிழலில் கறுப்பு கறுப்பாக இருப்பதில்லை. பச்சையோ பழுப்போ ஏறிவிடும். அந்த வெளிறிய நெகட்டிவை ஸ்கேனர் பார்க்கும்போது, படம் இருட்டாக இருக்கிறதே என்று தூக்கிவிடுகிறது. இருக்கும் கொஞ்சம் விவரத்தோடு இரைச்சலையும் சேர்த்தே தூக்குகிறது. கறுப்பு போய்ச் சாம்பலாகிறது, மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழுகின்றன. ஃபிலிம் என்றாலே புள்ளிதானே என்று பலர் சமாதானம் அடைந்துவிடுகிறார்கள். போதுமான ஒளி கிடைத்த 400 வேகக் கலர் நெகட்டிவில் இவ்வளவு புள்ளி இருக்காது.

ஒளி ஏன் போதாமல் போகிறது? கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே அளக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் உறவினர்களைக் காட்டினால், இவ்வளவு வெளிச்சமா என்று ஒளியைக் குறைத்துவிடும். பின்னால் வெளுத்த வானம் இருந்தாலும் அப்படியே. கையால் அளவு வைக்கும் கேமரா என்றால், முகத்தின் அருகே போய் முகத்தை மட்டும் அளந்து, பிறகு பின்னால் வந்து எடுப்பது நல்லது. அடுத்த காரணம் பேட்டரி. 1960களிலும் 70களிலும் வந்த கேமராக்கள் பலவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தது. அந்தப் பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. அதே வடிவில் வரும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால், பல கேமராக்களில் மீட்டர் உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். ரோல் முழுவதும் ஒரே சீராக வெளிறி வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். காதுகேள் கருவிக்கு விற்கும் 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரியை அடாப்டரோடு போட்டால் அளவு ஏறக்குறையச் சரியாகிவிடும்.

மறுபக்கம், கலர் நெகட்டிவ் அதிக ஒளியை வியக்கத்தக்க பொறுமையோடு தாங்கும். ஒரு ஸ்டாப் கூடினால், அதாவது ஒளி இரு மடங்கானால், படம் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே வரும். இரண்டு ஸ்டாப் கூடினாலும் காப்பாற்றலாம். ஒவ்வொரு நிற அடுக்கிலும் வேகமான பெரிய படிகங்களும் மெதுவான சிறு படிகங்களும் தனித்தனி உள்ளடுக்குகளாக இருப்பதே இதற்குக் காரணம். ஒளி தாராளமாகும்போது சிறு படிகங்களும் படத்தில் சேர்கின்றன. சாயத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து புள்ளி அடங்கிவிடும். 400 ஃபிலிமுக்கு மீட்டரில் 200 வைத்து எடுக்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது. பழக்கம் நல்லது, தாராளமாகப் பின்பற்றலாம். ஸ்லைடு ஃபிலிமுக்கு இது பொருந்தாது. அங்கே அரை ஸ்டாப் தவறினாலே தெரியும். இன்னொன்று: ஒளி போதாமல் எடுத்த ரோலை லேபில் புஷ் செய்யச் சொன்னால், அதாவது கூடுதல் நேரம் கழுவச் சொன்னால், நடுத்தர வெளிச்சப் பகுதிகள் ஏறும், கான்ட்ராஸ்ட் கூடும். நிழலில் பதியாத விவரம் பதியாததுதான்.

வெளிச்சத்தின் நிறமும் ஒரு பெரிய காரணம். கடையில் கிடைக்கும் கலர் நெகட்டிவ் பெரும்பாலும் பகல் ஒளிக்கு, ஏறத்தாழ 5500 கெல்வினுக்குச் செய்தது. பழைய குண்டு பல்பின் ஒளி 2700 கெல்வின் அளவு. அதில் நீலம் மிகக் குறைவு. கண்ணும் மூளையும் பழகிக்கொண்டு வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே காட்டும். ஃபிலிம் பழகிக்கொள்ளாது. படம் மஞ்சளாவதை ஸ்கேனில் திருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த வெளிச்சத்தில் நீல அடுக்கு மட்டும் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் பட்டினி கிடந்திருக்கிறது. வெளிச்சப் பகுதியில் மஞ்சளை எடுத்த பிறகும் நிழலில் நீலம் கலங்கிப் புள்ளியாக நிற்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப்பாவது ஒளியைக் கூட்டிவையுங்கள், அல்லது பிளாஷ் போடுங்கள். பழைய குழல் விளக்கில் பச்சை ஏறுவதை ஸ்கேனில் ஓரளவு திருத்திக்கொள்ளலாம்.

ரோல் உங்கள் கைக்கு வரும் முன்பே கெட்டிருக்கவும் கூடும். வெப்பமும் வயதும் மூட்டத்தை ஏற்றும். மூன்று அடுக்குகளும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை என்பதால் நிறமும் சாயும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த ரோலிடம் நல்ல நிறம் எதிர்பார்க்க முடியாது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், குளிரும் தூசி குறைந்த காற்றும் உள்ள உதகமண்டலத்தில் இருந்தபடி எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் செய்தது. சமவெளியில் வாழும் நமக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது. காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு ஓரிரு மணி நேரம் டப்பாவைத் திறக்காமல் விட்டால் ஈரம் படியாது. விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சிடி வகை ஸ்கேனர்கள் ஃபிலிமில் மூட்டம் ஏற்றக்கூடியவை என்று கோடாக்கே எச்சரித்திருக்கிறது. கையால் சோதிக்கும்படி கேளுங்கள். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

படத்தின் மேல் ஆரஞ்சு சிவப்புப் பட்டை விழுந்திருந்தால் அது கேமராவின் பின்மூடியில் உள்ள நுரைப்பட்டை உளுத்ததன் அடையாளம். பின்னாலிருந்து கசியும் ஒளி ஃபிலிமின் முதுகு வழியாக நுழைவதால் முதலில் சந்திப்பது அடியில் உள்ள சிவப்பு அடுக்கை. பட்டையின் நிறமே ஒளி வந்த திசையைச் சொல்லிவிடுகிறது. நுரைப்பட்டையை மாற்றுவது மலிவான வேலை. லென்ஸில் பூஞ்சை படிந்திருந்தால் படம் முழுக்கப் பால் படர்ந்தாற்போல் கான்ட்ராஸ்ட் இழக்கும். கடற்கரை ஊர்களில் பூட்டிக் கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். ஒரு டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேப் பக்கம் வருவோம். 1972இல் கோடாக் கொண்டுவந்த சி-41 முறைதான் இன்றும் உலகம் முழுவதும் கலர் நெகட்டிவைக் கழுவும் முறை. டெவலப்பரில் 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 நொடி. சூடு 0.15 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. மூன்று அடுக்குகளுக்கும் டெவலப்பர் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. மேலடுக்கை முதலில் தொடுகிறது, அடியடுக்கைக் கடைசியில். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்தே ஃபிலிமைச் செய்திருக்கிறார்கள். சூடோ நேரமோ தவறினால் மூன்று வரைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். விளைவு: வெளிச்சப் பகுதி ஒரு நிறமாகச் சாயும், நிழல் அதற்கு எதிர் நிறமாகச் சாயும். லேப்காரர்கள் இதை கிராஸ்ஓவர் என்பார்கள். படம் முழுக்க ஒரே சாயல் என்றால் ஸ்கேனில் சில நொடியில் திருத்திவிடலாம். கிராஸ்ஓவர் வந்தால் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும். வீட்டில் கழுவுபவர்கள் தெர்மாமீட்டரில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிளீச் வலுவிழந்திருந்தால் வெள்ளி முழுவதும் அகலாமல் சாயத்தோடு தங்கிவிடும். நெகட்டிவ் கறுத்து அடர்ந்திருக்கும்; படத்தில் நிறம் வெளிறி, கான்ட்ராஸ்ட் கூடி, புள்ளி முரட்டுத்தனமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி உதவும். அந்த வசதி அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு முறை ஸ்கேன் செய்கிறது. சாயங்கள் அகச்சிவப்புக்குக் கண்ணாடி. தூசியும் கீறலும் தடுக்கும். தடுத்த இடங்களை மட்டும் மென்பொருள் நிரப்பிவிடும். வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால், வெள்ளி தங்கிய நெகட்டிவில் படத்தையே தூசி என்று எண்ணி அது சிதைக்கத் தொடங்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்த வசதி உதவாததும் இதனால்தான். வெள்ளி தங்கிய நெகட்டிவைப் புதிய பிளீச்சிலும் ஃபிக்சரிலும் மறுபடி போட்டு எடுத்தால் படம் மீண்டுவிடும். வருஷங்கள் கழித்துக்கூடச் செய்யலாம். வெளிறிய நெகட்டிவுக்கு இப்படி மறுவாழ்வு கிடையாது.

சினிமா ஃபிலிமைச் சிறு ரோல்களாகச் சுற்றி விற்பவர்களிடம் வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடாக்கின் விஷன்3 வரிசை ஈசிஎன்-2 என்ற வேறொரு முறையில் கழுவுவதற்காகச் செய்தது. அங்கே டெவலப்பர் வேறு, சூடு 41.1 டிகிரி. முதுகில் கரிப்பூச்சு இருக்கும் ரோலை அப்படியே சி-41 இயந்திரத்தில் விட்டால் கரி உரிந்து மற்றவர்களின் ரோல்களையும் பாழாக்கும். பூச்சை நீக்கி சி-41இல் கழுவினால் படம் வரும், கான்ட்ராஸ்ட் எகிறும். அதைப் பார்த்து ஃபிலிம் மட்டம் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

நெகட்டிவ் நன்றாக இருந்தும் படம் மோசம் என்றால் கோளாறு ஸ்கேனில்தான். இங்கே பெரும்பாலான தொல்லைக்கு வேர், நெகட்டிவை நேராக்கும் கணக்கு. ஆரஞ்சு மறைப்பு நீல ஒளியை நிறையவே தடுப்பதால் ஸ்கேனரின் நீல வழியில் வெளிச்சம் குறைந்தும் இரைச்சல் கூடியும் வரும். மூன்று வழிகளுக்கும் தனித்தனியாகக் கறுப்பு எல்லை, வெள்ளை எல்லை வைத்தால்தான் நிறம் அமையும். தானியங்கிக்கு விட்டால், முன்னோட்டத்தில் தேர்ந்தெடுத்த கட்டத்துக்குள் நெகட்டிவின் வெற்று ஓரமோ ஹோல்டரின் கறுப்பு விளிம்போ ஒரு நூல் அளவு நுழைந்தாலும் அதையும் படமாக எண்ணிக் கணக்கைக் கெடுத்துக்கொள்ளும். கட்டத்தைப் படத்துக்குச் சற்று உள்ளே இழுத்து வைப்பது எளிய மருந்து. அதைவிட நல்லது, ரோலில் நன்றாக அமைந்த ஒரு படத்துக்கு அளவுகளைக் கையால் வைத்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற எல்லாப் படங்களுக்கும் அதையே பூட்டிவிடுவது. மணப்பெண்ணின் முகம் படத்துக்குப் படம் நிறம் மாறுவது அதோடு நிற்கும். கோப்பை 16 பிட்டில் எடுங்கள். 8 பிட் ஜேபெக்கில் நிறத்தை இழுத்தால் படிப்படியாகக் கிழியும்.

வீட்டில் வைக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். உண்மையில் அவை பிரித்துக் காட்டும் விவரம் அதில் பாதிகூட வராது. 120 ரோலுக்கு அது போதும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் மென்மையாகத் தெரியும். படம் மங்கல் என்று லென்ஸைக் குறைசொல்லும் முன், ஒரு பூதக்கண்ணாடியில் நெகட்டிவைப் பாருங்கள். அதில் கூர்மை இருந்தால், ஹோல்டரின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எந்த உயரத்தில் கூர்மை அதிகம் என்று பார்த்து அங்கே நிறுத்த வேண்டும். சுருண்ட நெகட்டிவைக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரு நாள் வைத்துவிட்டு ஸ்கேன் செய்யலாம்.

டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்து நெகட்டிவைப் படமெடுப்பது இப்போது பரவியிருக்கிறது. சரியாகச் செய்தால் ஃபிளாட்பெட்டைவிடக் கூர்மை கிடைக்கும். நிறம் அமையாமல் போவதற்கு இங்கே முக்கியக் காரணம் பின்னால் வைக்கும் விளக்கு. கலர் நெகட்டிவின் சாயங்கள், குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உணரும் பிரிண்ட் தாளுக்காக வடிவமைத்தவை. மலிவான எல்இடியின் ஒளியில் சில நிறங்கள் குறைபட்டிருக்கும். தோல் நிறம் கெடும். நிறத் தரக் குறியீடான சிஆர்ஐ 95க்கு மேல் உள்ள விளக்கு வாங்குங்கள். நெகட்டிவைச் சுற்றித் தெரியும் விளக்கைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள்; அங்கிருந்து லென்ஸுக்குள் பாயும் ஒளி படம் முழுக்கப் பனி மூட்டும். அறை விளக்கை அணையுங்கள். ரா கோப்பாக எடுத்து, வெற்று ஆரஞ்சு ஓரம் வெளுத்துப்போகாத அளவுக்கு, ஆனால் அதற்கு மிக நெருக்கமாக, ஒளி வையுங்கள்.

லேப்களில் இருப்பவை பெரும்பாலும் ஃபூஜியின் ஃபிரன்டியர், நோரிட்சு ஆகிய பழைய மினிலேப் ஸ்கேனர்கள். இரண்டும் நல்ல இயந்திரங்கள். ஒரே நெகட்டிவை இரண்டிலும் கொடுத்தால் இரண்டு விதமான நிறம் வரும். இரண்டையும் ஃபிலிம் நிறம் என்றே சொல்வோம். இணையத்தில் பார்த்து மயங்கும் படத்தின் அழகில் ஃபிலிமின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு ஸ்கேனருக்கும் அதை இயக்கியவரின் ரசனைக்கும் உண்டு. ஆகவே லேபோடு பேசுங்கள். கான்ட்ராஸ்ட் குறைவாக, கூர்மையேற்றாமல், டிஃப் கோப்பாகத் தர முடியுமா என்று கேளுங்கள். பிடித்த நிறத்துக்கு மாதிரிப் படம் ஒன்று கொடுங்கள். நெகட்டிவைப் படித்துக் காரணத்தோடு கேட்கும் வாடிக்கையாளருக்கு நல்ல லேப்காரர் நேரம் ஒதுக்குவார்.

இன்னும் குழப்பம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை ரோல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும். காலை ஒன்பது மணி வெயிலில் ஒருவரை நிற்கவைத்து, கையில் 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் சொல்லும் அளவில் ஒரு படம். பிறகு இரண்டு ஸ்டாப் குறைவு, ஒரு ஸ்டாப் குறைவு, ஒரு ஸ்டாப் கூடுதல், இரண்டு, மூன்று. இதையே நிழலிலும், வீட்டு விளக்கிலும் செய்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறியுங்கள். ஒரே அளவில் பூட்டி ஸ்கேன் செய்தால், உங்கள் கேமராவும் உங்கள் லேபும் உங்கள் ஃபிலிமும் எங்கே தாங்கும், எங்கே உடையும் என்பது வரிசையாகத் தெரியும். அடுத்த ரோலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஃபிலிமையும் லேபையும் ஸ்கேனரையும் ஒரேயடியாக மாற்றுபவருக்கு எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

கழுவக் கொடுத்த நெகட்டிவைத் திரும்ப வாங்காமல் விடாதீர்கள். கேட்டு வாங்காதவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அப்புறப்படுத்தும் லேப்கள் உண்டு. ஆறு ஆறு படங்களாக வெட்டி, பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, எடுத்த தேதி, ஊர், ஃபிலிமின் பெயர், மீட்டரில் வைத்த வேகம் நான்கையும் மேலே எழுதிவையுங்கள். பிவிசி உறை வேண்டாம். அது நாளடைவில் நெகட்டிவைக் கெடுக்கும்.